மாட்டு உதடு, ஆட்டு உதடு: கால்நடை மருத்துவரிடம் கேள்வி பதில்

டாக்டர், எங்கள் பசு கம்பித்துண்டை விழுங்கி, வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். கூடவே மேய்ந்த வெள்ளாட்டுக்கு ஒன்றும் இல்லை. வாயில் கம்பி இருப்பது மாட்டுக்குத் தெரியாதா?

பசு பிழைத்ததே பெரிய விஷயம். மாட்டின் மேலுதடு தடிப்பானது, விறைப்பானது, அதிகம் அசையாது. அதை வைத்து எதையும் பொறுக்க முடியாது. அதனால் நாக்கை நீட்டிப் புல்லைச் சுற்றி வளைத்து உள்ளே இழுக்கும். மேல்தாடையில் முன்பல் கிடையாது. கெட்டியான ஒரு மெத்தைதான். அதன்மேல் கீழ்ப்பற்களை அழுத்திப் புல்லை அறுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். நிதானமாக மெல்வதெல்லாம் அசைபோடும்போதுதான். புல்லோடு கம்பி வந்தால் அதுவும் உள்ளே போய்விடும். போய்த் தங்குவது இரண்டாவது இரைப்பையில். அதற்கு முன்னால், வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் உதரவிதானத் தசைக்கு அந்தப் பக்கம் இதயம். குத்தினால் எங்கே குத்தும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளாட்டின் மேலுதடு மெல்லியது, விரல்போல அசையும். கருவேல முள்ளை ஒதுக்கிவிட்டு இலையை மட்டும் கிள்ளும். அதனால் கம்பி விழுங்கும் கேடு ஆட்டுக்கு அரிது. தொழுவத்தில் வேலி கட்டி மிஞ்சிய கம்பி, ஆணி எதையும் போட்டுவைக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

குதிரையின் மேலுதட்டில் கயிற்றைப் போட்டு முறுக்கி ஊசி போடுகிறார்களே, அது கொடுமை இல்லையா சார்?

குதிரைக்கு உதடுதான் கை. கொள்ளில் மாத்திரையைக் கலந்து வைத்தால், கொள்ளைத் தின்றுவிட்டு மாத்திரையைத் தொட்டியிலேயே விட்டுவைக்கும். அவ்வளவு உணர்ச்சி உள்ள இடம். கயிறு போட்டதும் முதலில் நாடித்துடிப்பு குறைந்து குதிரை அமைதியாகும். ஆனால் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் துடிப்பு ஏறத் தொடங்கும், அப்புறம் அது வதைதான். சட்டென்று முடியும் வேலைக்கு மட்டும் போடலாம். காதை முறுக்குவதை நான் அனுமதிப்பதே இல்லை.

யானைக்கு மேலுதடு எங்கே?

மூக்கோடு சேர்ந்து துதிக்கையாகிவிட்டது. கீழுதடு தனியாகத் தொங்குவதைப் பார்க்கலாம்.

கரடி புற்றைத் தோண்டும்போது 'புஸ் புஸ்' என்று ஒரு சத்தம் வருகிறதே?

நம் காட்டுக் கரடியின் உதடு நீண்டது, முடியில்லாதது. மேல் முன்பற்களில் நடுவில் இரண்டு இல்லை. முதலில் ஊதி மண்ணைக் கலைக்கும். பிறகு மூக்குத்துளைகளை மூடிக்கொண்டு, உதட்டைக் குழாய்போல் குவித்து, பல் இல்லாத இடைவெளி வழியே கறையானை உறிஞ்சும். அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேட்டது.

பாம்புக்கு உதடு உண்டா?

நம்முடையதுபோல் தசையால் குவிகிற உதடு இல்லை, வாயோரம் செதில்கள்தான். மலைப்பாம்புக்கு அந்தச் செதில்கள் சிலவற்றில் குழிகள் உண்டு. இருட்டில் இரையின் உடல்சூட்டை அவற்றால் அறியும்.

ஆட்டுக்குட்டிக்கு உதடெல்லாம் பொருக்கு. பால் குடிக்க மாட்டேன் என்கிறது. என்ன செய்யட்டும் அண்ணா?

உதட்டில் கொப்புளமும் பொருக்கும் வரவைக்கும் வைரஸாக இருக்கலாம். வேறு நோய்களும் இப்படித் தெரியும், அதனால் மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். அந்த வைரஸ் நம் கைக்கும் ஒட்டும். கையுறை போடாமல் தொடாதீர்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள். தாயின் காம்பிலும் புண் இருக்கிறதா என்று பாருங்கள். உதடு வலித்தால் குட்டியால் சப்ப முடியாது. நோயைவிடப் பசிதான் முதலில் கொல்லும். தாய்ப்பாலைக் கறந்து, புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாக இன்றிரவே புகட்டத் தொடங்குங்கள்.