மீன், தட்டான் மாதிரி கொசுவைத் தின்னும் உயிர்களால் மலேரியாவும் டெங்குவும் குறையுமா? கணித மாதிரிகள் என்ன சொல்கின்றன?

குறையும். ஆனால் எத்தனை கொசு தின்னப்படுகிறது என்பதைவிட வளர்ச்சியின் எந்தப் பருவத்தில் (நீரில் புழுவாக இருக்கும்போதா, பறக்கும் கொசுவான பிறகா) தின்னப்படுகிறது என்பதுதான் முக்கியம். முதுகலை புராஜெக்டில் நான் சறுக்கியதும் அங்கேதான்.

1897-இல் கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமியைக் கண்ட ரொனால்ட் ராஸ், பிறகு சமன்பாடுகளில் இறங்கினார். கொசுவை அடியோடு ஒழிக்க வேண்டாம், ஓர் எல்லைக்குக் கீழே கொண்டுவந்தால் போதும், நோய் அடங்கிவிடும் என்றார். கொசுவின் ஆயுளைக் குறைப்பதுதான் பரவலை அடக்கப் பெரிய பிடி என்று 1950-களில் காட்டியவர் மலேரியா ஆய்வாளர் ஜார்ஜ் மக்டொனால்ட்.

கொசுவுக்குள் புகுந்த கிருமி, அடுத்தவருக்குப் பரவும் அளவுக்கு முதிர சுமார் 10 நாள் என்று வையுங்கள். தினமும் 10% கொசு செத்தால், 100-இல் 35 அந்த 10 நாளைத் தாண்டும். ஒவ்வொன்றும் அதன்பின் சராசரியாக ஒன்பதரை நாள் கடித்துத் திரியும். தட்டானோ வௌவாலோ புகுந்து சாவு 20% ஆனால், தாண்டுவது 11 கூட இல்லை. மிச்ச ஆயுளும் நாலரை நாள்தான். இரண்டையும் பெருக்கினால், கிருமி புகுந்த ஒரு கொசுவால் வரும் பரவல் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. புதிதாகப் பிறக்கும் கொசுக்களின் எண்ணிக்கையில் கைவைக்காமலே இவ்வளவு!

புழுப் பருவத்தில் தின்றால் இந்த லாபம் இல்லை. கொசு பாதியானால் பரவலும் பாதி, அவ்வளவே. என் முதல் மாடலில் அதைத்தான் எழுதியிருந்தேன்: மீன் பாதிப் புழுவைத் தின்னும், கொசு பாதியாகும். வழிகாட்டி ஒரே கேள்வி கேட்டார்: "புழுக்களுக்குள்ளே சாப்பாட்டுப் போட்டி கிடையாதா?" போட்டியைச் சேர்த்து ஓட்டினால் கொசு குறையவே இல்லை, சில அளவுகளில் கூடியது! நெரிசலில் எப்படியும் செத்திருக்கும் புழுக்களை மீன் முன்கூட்டியே தின்றுவிட, மிச்சம் வயிறாரத் தின்று வளர்கிறது. ஒரு வாரம் கோடிங்கில் பிழை தேடினேன். பிழையே இல்லை.

அப்படியென்றால் புழுவைத் தின்பவை வீணா? இல்லை, அரைகுறையாகத் தின்பவைதான் வீண். வியட்நாமில் தண்ணீர்த் தொட்டிகளில் மீசோசைக்ளோப்ஸ் என்ற பொடி நீருயிரியை விட்டார்கள். அது அப்போதுதான் பொரித்த புழுக்களையே தின்னும், ஆனால் தொட்டியில் மிச்சமே வைக்காது. பல கிராமங்களில் டெங்குக் கொசு இல்லாமலே போனது.

அப்புறம், இரையும் வேட்டையாடியும் சேர்ந்து ஏறி இறங்குவதைக் காட்டும் லோட்கா–வோல்ட்டெரா சமன்பாட்டை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அதில் இரை குறைந்தால் வேட்டையாடியும் பட்டினியில் குறையும். தட்டானுக்குக் கொசு இல்லாவிட்டால் வேறு பூச்சி. அதன் எண்ணிக்கையை முதலில் மாறிலியாகவே வைத்து, புழுவுக்கும் பறக்கும் கொசுவுக்கும் தனித்தனிச் சமன்பாடு எழுதித் தொடங்குங்கள்.