முன்னால் காண்பதும் முன்னரே காண்பதும்

அன்புள்ள ஐயா,

அப்போஸ்தலர் 2:25-இல் தாவீதின் கூற்றாக, ‘கர்த்தரை எப்பொழுதும் எனக்கு முன்பாக நிறுத்தி நோக்குகிறேன்’ என்று வருகிறது. அங்குள்ள கிரேக்க வினைக்கு ‘முன்னறிதல்’ என்று பொருள் பார்த்தேன். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அவ்வாறே சொல்கிறது. நம் தமிழ் வேதாகமம் இங்கே தவறியதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தவறவில்லை. அந்த வினை ‘ப்ரோஒராவோ’. ‘ஹொராவோ’ என்றால் காண்பது. ‘ப்ரோ’ நம்முடைய ‘முன்’னைப் போலவே இடத்துக்கும் காலத்துக்கும் பொதுவானது. வீட்டுக்கு முன் நின்றான், விடிவதற்கு முன் வந்தான் என்று பேசுகிற நமக்கு இது எளிதில் விளங்கும். ஹோமரின் ஒடிசியில், தெப்பம் சிதறிக் கடலில் நீந்தும் ஒடிசியஸ், பேரலை ஒன்று தன்னைத் தூக்கிய கணத்தில் கூர்ந்து முன்னே பார்த்து, கரை அருகிலிருப்பதைக் காண்கிறான்; அங்கே வருவது இதே வினையின் ஒரு வடிவம்.

புதிய ஏற்பாட்டில் இவ்வினை நான்கே இடங்களில் வருகிறது. அப்போஸ்தலர் 21:29-இல், எபேசியனான துரோப்பீமுவைப் பவுலுடன் நகரத்தில் ஆசியாவிலிருந்து வந்த யூதர்கள் முன்பே பார்த்திருந்தார்கள் என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. நீங்கள் கேட்ட வசனம் 16-ஆம் சங்கீதத்தின் மேற்கோள். எபிரேய மூலத்தில் இருப்பது ‘சிவ்வீதி’, அதாவது ‘வைத்தேன்’. அதை எழுபதின்மர் எனப்படும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ‘என் கண்முன் கண்டுகொண்டே இருந்தேன்’ என்னும்படி மாற்றியது. பேதுருவின் பிரசங்கத்தில் வருவது அந்தக் கிரேக்க வாசகம். எபிரேயத்தின் வைத்தலும் கிரேக்கத்தின் காண்டலும் ‘நிறுத்தி நோக்குகிறேன்’ என்ற இரு சொற்களில் ஒருங்கே வந்து அமர்ந்திருப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நடக்கப்போவதை முன்னரே காண்பது என்ற பொருள் வருவது அப்போஸ்தலர் 2:31-இலும் கலாத்தியர் 3:8-இலும்தான். அவ்விரு இடங்களிலும் அதே வினையின் இறந்தகால வடிவம் வேறொரு அடியிலிருந்து, ‘இத்’ என்பதிலிருந்து உருவாகிறது. அதன் பழைய வடிவம் ‘வித்’. சமஸ்கிருதத்தின் ‘வித்’தும், அதிலிருந்து பிறந்து தமிழுக்கு வந்த ‘வேதம்’ என்ற சொல்லும் அதே வேரின் கிளைகள். ‘வேதம் முன்னாகக் கண்டு’ என்று கலாத்தியரைத் தமிழில் படிக்கும்போது, எழுவாய்க்கும் மூலத்தின் வினைக்கும் வேர் ஒன்றாக இருக்கிறது. கிரேக்கத்தில் அங்கிருக்கும் எழுவாய் ‘எழுதப்பட்டது’ என்ற பொருளுடைய வேறு சொல்.

ஆனாலும் உங்கள் ஐயத்தில் ஒரு நியாயம் உண்டு. கர்த்தரைத் தன் முன்னால் கண்டுகொண்டிருந்த தாவீது, உயிர்த்தெழுதலையும் முன்னரே கண்டான் என்று பேதுரு ஆறு வசனங்களுக்குள் ஒரே வினையை இருமுறை சொல்கிறார். தமிழில் முதலாவது ‘நோக்குகிறேன்’ என்றும் இரண்டாவது ‘முன்னறிந்து’ என்றும் பிரிந்துவிட்டதால் அந்தத் தொடர்பு காதில் விழுவதில்லை. கலாத்தியரில் செய்ததுபோல 31-ஆம் வசனத்திலும் ‘முன்னாகக் கண்டு’ என்றே வைத்திருக்கலாம்.