கம்பெனியோடு கைகோப்பது எதற்காக?

கேள்வி: பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கம்பெனிகளோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்வது பணத்துக்காகத்தானே?

பதில்: பணமும் உண்டு, ஆனால் அது முதலிடத்தில் இல்லை. பிரிட்டன் ஆய்வாளர்களிடம் கேட்டறிந்து டெஸ்டே, பெர்க்மன் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலோர் தங்கள் ஆராய்ச்சியை முன்னெடுக்கவே தொழில்துறையோடு சேர்கிறார்கள் என்று தெரிந்தது. கண்டுபிடிப்பை விற்பது பின்வரிசைக் காரணம்தான்.

ஏன் என்பதற்கு லூயி பாஸ்டரைப் பாருங்கள். 1856இல் பிரான்சின் லீல் நகரில், பீட்ரூட் சாற்றிலிருந்து சாராயம் காய்ச்சும் ஆலைக்காரர் ஒருவர், தொட்டிகள் புளித்துப் போகின்றன என்று அவரிடம் வந்தார். பாஸ்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நல்ல தொட்டியின் துளியில் உருண்டை உருண்டையாக ஈஸ்ட். புளித்ததில் அதைவிட நுண்ணிய குச்சிகள். மறு ஆண்டே லாக்டிக் நொதித்தல் (பாலைப் புளிக்க வைக்கும் வகை) பற்றிய அவருடைய கட்டுரை வந்துவிட்டது. கெட்டுப்போன தொட்டி ஆலையில்தான் கிடைக்கும். வெளியாட்களிடம் விஞ்ஞானி தேடிப் போவது பெரும்பாலும் இதைத்தான்: தானாக யோசித்தால் தோன்றாத கேள்வி, தன்னிடம் இல்லாத மாதிரி, கருவி, தரவு.

கேள்வி: நான் முனைவர் பட்ட மாணவி. கம்பெனி ஒப்பந்தத்தில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: வெளியீடு பற்றிய பிரிவை. 'எழுத்துமூலமான ஒப்புதல் இன்றி வெளியிடக் கூடாது' என்றிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அவர்கள் வாய் திறக்காமல் இருந்தாலே உங்கள் கட்டுரை முடங்கிவிடும். அதை இப்படி மாற்றச் சொல்லுங்கள்: 'கட்டுரை வரைவைப் படித்துக் கருத்துச் சொல்ல 30 நாள், பதில் வராவிட்டால் வெளியிடலாம்.' காப்புரிமைக்கு விண்ணப்பிக்க நேரம் கேட்டால் கொடுக்கலாம், ஆனால் அதற்கும் நாள் கணக்கு வேண்டும். மொத்தம் 30 முதல் 60 நாள் தாமதம் நியாயமானது என்று அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஆய்வேட்டுக்கென்று ஒப்பந்தத்தில் தனியாக ஒரு வாக்கியம் சேர்க்க மறக்காதீர்கள். பட்டத் தேர்வு எக்காரணத்தாலும் தள்ளிப்போகக் கூடாது.

உங்கள் பக்கமும் ஒரு கடமை உண்டு. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் மாநாட்டில் உங்கள் ஆய்வை விளக்கும் ஒரு போஸ்டர் ஒட்டினாலும் ஐரோப்பியக் காப்புரிமை பெரும்பாலும் பறிபோய்விடும். வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு, ஐரோப்பாவில் அது இல்லை. கூட்டாளிகளின் நம்பிக்கை இந்த இடத்தில் உடைந்துவிடலாம். எனவே மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் முன்பே அவர்களிடம் காட்டிவிடுங்கள்.