கண்ணகியைத் தோட்டத்துக்கு அழைத்து வருகிறவர்களுக்கு
வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: சிலப்பதிகாரத்தை எங்கள் ரப்பர் தோட்டத்தில் நடக்கும் நாவலாக எழுதுகிறேன். கோவலன் பால்மரம் வெட்டுகிறவன். எட்டு அத்தியாயம் முடிந்துவிட்டது. படித்தவர்கள், "பேருதான் பழசு, கதை சினிமா மாதிரி இருக்கு" என்கிறார்கள். எங்கே தவறு?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கோவலன் கெட்டுப்போன கதைக்கு எட்டு அத்தியாயத்தையும் கொடுத்துவிட்டீர்கள். சிலம்பைத் தாங்கும் தூண் அதுவல்ல. விசாரிக்காமல் பிறந்த ஒரு கட்டளைதான் தூண். "கொன்று அச்சிலம்பு கொணர்க" என்கிறான் பாண்டியன். உடைத்துப் பார்த்திருந்தால் அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்று அப்போதே தெரிந்திருக்கும். யாரும் உடைக்கவில்லை. உங்கள் தோட்டத்தில் இதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

சாதாரண காலத்தில் தோட்டத்து நிர்வாகியான துரையால் பேர் வெட்டி வேலையை விட்டு நிறுத்த முடியும், லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியும். உயிர் அவர் கையில் இல்லை. அதனால்தான் உங்கள் கதையில் கோவலனின் முடிவு விபத்துபோல வந்து நிற்கிறது. விடை உங்கள் ஊரிலேயே கிடக்கிறது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டிப் பிறந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. விசாரணையே இல்லாமல் ஆளைப் பிடித்து அடைத்து வைக்க அப்போது சட்டம் இடம் கொடுத்தது. கதையை அங்கே கொண்டுபோய் வையுங்கள்.

மூலத்தில் அரசியின் சிலம்பைத் திருடியவனே பொற்கொல்லன்தான். உங்கள் கதையில் ஸ்டோர் அரிசியை வெளியே விற்ற கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர், அந்த இடத்துக்கு வரட்டும். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசி கடத்துகிறான் என்று அவர் கோவலனைக் கை காட்டுகிறார். கோவலன் தோளில் இருப்பது ஒட்டுப்பால் சாக்கு, மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர் பால். தூரத்திலிருந்து பார்த்தால் அரிசிச் சாக்கும் ஒட்டுப்பால் சாக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும், பிரித்தால்தான் வித்தியாசம். அதை யாரும் பிரிக்காமலே கதை நகரட்டும். பிறகு கண்ணகி ஆபீஸ் வாசலில் அந்தச் சாக்கைக் கவிழ்க்கிறாள். சுருள் சுருளாக ஒட்டுப்பால் உருண்டு விழுகிறது, அதன் நாற்றம் ஆபீசை நிறைக்கிறது. அந்த இடத்தில் வசனமே வேண்டாம்.

இனி நெருப்பு. முழுத் தோட்டத்தையும் கொளுத்திவிடாதீர்கள். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விட்டுவிடு என்று சொல்லித்தான் கண்ணகி தீயை ஏவுகிறாள். உங்கள் தீயும் லயத்தையும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டாயையும் தொடக்கூடாது. ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காய வைக்கும் கொட்டகை எளிதில் தீப்பிடிக்கிற இடம். அங்கே தொடங்கட்டும். எங்கே நிற்கும் என்பதை எழுதுவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாதவியே தன் கதையைச் சொல்வதுபோல ஒரு சிறுகதை எழுத ஆசை. எங்கே தொடங்குவது?
– வாசகர், கூலிம்

பதில்: ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். மாதவி வரும் இடங்களை எல்லாம் இடப்பக்கம் காதை வாரியாகக் குறியுங்கள். அவளைப் பற்றி மற்றவர்கள் சொல்ல மட்டுமே நாம் கேட்கும் இடங்கள் வலப்பக்கம். உங்கள் கதை வலப்பக்கத்தில்தான் இருக்கிறது.

மாதவி கோவலனுக்கு எழுதிய முதல் கடிதத்தை அவள் தோழி வசந்தமாலை கொண்டுபோகிறாள். கோவலன் வாங்க மறுக்கிறான். மாலையில் வராவிட்டால் காலையில் வருவார் என்கிறாள் மாதவி. அந்தக் காலை வருவதற்குள் அவன் கண்ணகியோடு புகாரை விட்டே போய்விடுகிறான். அதன் பிறகு அவள் நோயுற்றுப் படுக்கையில் விழுந்ததை, இரண்டாவது கடிதத்தோடு மதுரைப் பாதையில் வந்து சேரும் கோசிகன் சொல்லித்தான் நாம் அறிகிறோம். அந்தக் கடிதத்தின் முத்திரையில் அவள் கூந்தல் எண்ணெயின் மணம் இருக்கிறது. படித்த கோவலன், தவறு அவளுடையது அல்ல, தன்னுடையது என்று உணர்கிறான். அதே கடிதத்தின் சொற்கள் தன் பெற்றோருக்கும் பொருந்துவதைக் கண்டு, அவர்களிடம் கொடுக்கச் சொல்லி அதையே திருப்பி அனுப்புகிறான். தான் எழுதியது கோவலனின் தாய்தந்தை கைக்குப் போனது மாதவிக்குத் தெரிந்ததா? இந்த ஒரு கேள்வி போதும், இரண்டாயிரம் சொல்லுக்கு மேல் வேண்டாம்.

இப்படி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மாதவியை உயர்த்துவதற்காகக் கண்ணகியை அசடாக்கிவிடுவார்கள். மூலத்தின் நிகழ்ச்சிகளைத் தொடாதீர்கள், பார்க்கும் கண்ணை மட்டும் மாற்றுங்கள். 1847-இல் வந்த 'ஜேன் அயர்' நாவலில் மேல்மாடியில் அடைத்து வைக்கப்பட்ட மனைவிக்குத் தன் கதையைச் சொல்ல வாய்ப்பே இல்லை. ஜீன் ரீஸ் 1966-இல் 'வைட் சர்காசோ சீ' நாவலில் அவளுக்கு ஒரு கரீபியத் தீவின் பிள்ளைப் பருவத்தைக் கொடுத்தார். ஆனாலும் கடைசியில் அவள் கையில் மெழுகுவத்தி வந்துவிடுகிறது. வீடு எரியப் போவது நமக்கு முன்பே தெரியும், தெரிந்தும் பதறுகிறோம். புதுமைப்பித்தன் 'சாப விமோசன'த்தில் வேறு வழி போனார். மூலம் முடிந்த இடத்தைத் தாண்டி நடந்தார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தி கேட்டு, சாபம் நீங்கிய அகலிகை மறுபடி கல்லாகிறாள். அந்த வழி கடினம். முதல் கதைக்கு ரீஸின் வழியே நல்லது.

கேள்வி: கல்கி, ஜெயகாந்தன் பாத்திரங்களை வைத்துத் தொடர்ச்சி எழுதிப் புத்தகமாகப் போடலாமா?
– வாசகர், பகாவ்

பதில்: மலேசியாவில் எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து எண்ண வேண்டும். கல்கி 1954-இல் மறைந்தார், தடை இல்லை. ஜெயகாந்தன் மறைந்தது 2015-இல். ஆகவே இங்கே 2065 முடியும் வரை, இந்தியாவில் 2075 முடியும் வரை உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இன்னொன்று: சிலப்பதிகாரம் எல்லோருக்கும் சொந்தம், ஆனால் அண்மையில் ஒருவர் எழுதிய உரை அவருடையது. உரையின் வாக்கியங்களை அப்படியே எடுக்காதீர்கள்.

கேள்வி: தோட்டத்துப் பேச்சில் எழுதினால் தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியுமா? அடைப்புக்குறிக்குள் விளக்கம் தரலாமா?
– வாசகி, தாப்பா

பதில்: வேண்டாம். அடைப்புக்குறி வந்ததும் பாத்திரம் பேசுவதை நிறுத்திவிட்டு வாத்தியார் பேசத் தொடங்கிவிடுவார். பொருளைச் செயலிலேயே வையுங்கள். "பெரட்டுக்கு மணி அடிச்சாச்சு, இன்னும் பசியாறிக்கிட்டு இருக்கியா? பேரு வாசிச்சு முடிச்சிருவாங்க" என்று மாமியார் அதட்டினால், பெரட்டு எது, பசியாறுவது எது என்று மதுரைக்காரருக்கும் புரிந்துவிடும். வெள்ளி, லயம், மண்டோர் எல்லாம் இப்படியே நுழையும். கதை சொல்பவரின் நடை பொதுத்தமிழாக இருக்கட்டும், உரையாடல் தோட்டத்துத் தமிழாக இருக்கட்டும். ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று புதுச் சொல்லுக்கு மேல் போகாதீர்கள். எழுதி முடித்ததும் தோட்டத்தில் வேலை செய்த ஒரு பெரியம்மாவிடம் உரையாடல்களை மட்டும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் "நாங்க இப்படிப் பேசமாட்டோம்மா" என்று சொல்லும் வரிகளை அங்கேயே அவர் சொல்லும்படி திருத்தி எழுதுங்கள்.