சோபாவைக் கொஞ்சம் முன்னால் இழுங்கள்: வீட்டுத் திரையரங்கு கேள்வி பதில்

இருபது ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் உறவினர், நண்பர் வீடுகளில் ஸ்பீக்கர் பொருத்திக் கொடுக்கிறேன். தொழில் அல்ல, பித்து. தீபாவளி நெருங்கினால் கேள்விகள் வந்து குவியும். இம்முறை வந்தவற்றுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதிவிடுகிறேன்.

செங்காங்கிலிருந்து ஒரு சகோதரி: ஐயா, எங்களுடையது நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. தொலைக்காட்சிச் சுவருக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே 3.6 மீட்டர். சோபா எதிர்ச்சுவரை ஒட்டி இருக்கிறது. 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த சுருதிக்கென்றே ஒரு சப்வூஃபர் பெட்டி) வாங்கிவிட்டோம். எங்கிருந்து தொடங்குவது?

சோபாவிலிருந்து. நம் ஊர் வீடுகளில் சோபா சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பது எழுதப்படாத சட்டம். ஒலி கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. அதைக் கூடத்தின் நீளத்தைப்போல் இருமடங்கால், அதாவது 7.2ஆல் வகுத்தால் சுமார் 48 ஹெர்ட்ஸ். உங்கள் கூடம் தானாகவே அதிர விரும்பும் சுருதி அது. சுவரோரத்தில் அந்த அதிர்வின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். சுவரில் தலை சாய்த்துக் கேட்டால், தவிலில் தாழ்ந்த சுருதிப் பக்கமான தொப்பியை மட்டும் யாரோ விடாமல் அடிப்பதுபோல் இருக்கும். அதற்காக நடுக்கூடத்துக்கும் வந்துவிடாதீர்கள். சரியாக நடுவில் அதே 48 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய மறைந்தே போகும். நாற்பது, ஐம்பது சென்டிமீட்டர் முன்னால் இழுத்தால் போதும்.

பிறகு முன் ஸ்பீக்கர்கள். நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து பார்க்க, திரையின் நடுக்கோட்டுக்கு இடமும் வலமும் 22 முதல் 30 பாகைக்குள் அவை நிற்க வேண்டும். உங்கள் காதுக்கும் ஸ்பீக்கர் வரிசைக்கும் 2.6 மீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் நடுவே 2.1 முதல் 3 மீட்டர் இடைவெளி விடலாம். உயர்ந்த சுருதி தரும் ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும், ஸ்பீக்கரின் முகத்தை உங்கள் பக்கம் சற்றுத் திருப்பி வையுங்கள். அடுக்குமாடிக் கூடத்தில் இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் சாப்பாட்டு மேசை என்றுதான் பெரும்பாலும் அமையும். சுவரை ஒட்டிய ஸ்பீக்கர் மட்டும் கனத்து ஒலிக்கும். அதை மூலையிலிருந்து விலக்க முடிந்த அளவு விலக்குங்கள்.

பொங்கோலிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, சோபாவை அசைக்கவே முடியாது, மனைவி ஒப்புக்கொள்ள மாட்டார். சுற்றொலி தரும் சரவுண்ட் ஸ்பீக்கர்களை எங்கே வைப்பது?

ஒப்புக்கொள்ளாதவரோடு வாதாடி யாரும் வென்றதில்லை. சரவுண்டுக்கு 90 முதல் 110 பாகை என்பது பொதுவான கணக்கு: உங்கள் தோளுக்கு நேராக, அல்லது சற்றே பின்னால். பின்னால் இடமில்லை என்பதால் நேர் பக்கவாட்டில் வைத்து, காதுக்கு மேல் ஓர் அரை மீட்டர் உயர்த்துங்கள். அப்போதுதான் ஓரத்தில் உட்காருபவரின் காதில் அது நேராக இரையாது. பின்சுவரில் தலைக்கு மேல் இரண்டையும் அருகருகே மாட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மழை பெய்யும் காட்சியில் மழை உங்களைச் சுற்றிப் பெய்யாது, பிடரியில்தான் கொட்டும். இந்த நிலையில், பின்னால் இன்னும் இரண்டு ஸ்பீக்கர் கேட்கும் 7.1 வாங்கும் எண்ணமும் வேண்டாம்.

அதே தம்பி: சப்வூஃபரைத் தொலைக்காட்சி அலமாரிக்குள் தள்ளிவிடலாமா?

வேண்டாம். அலமாரியும் சேர்ந்து பாடும்.

யீஷூனிலிருந்து ஒரு நண்பர்: சப்வூஃபரைக் கூட்டினால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார், குறைத்தால் படமே செத்துவிடுகிறது. என்ன வழி?

நானும் தட்டல் வாங்கியவன்தான். முதல் சப்வூஃபர் வாங்கியபோது கடைக்காரர் சொன்னாரே என்று மூலையில் வைத்தேன். மூலையில் இரு சுவரும் தரையும் சேர்ந்து தாழ்ந்த சுருதி ஒலியைக் கூடத்துக்குள் திருப்பித் தள்ளுவதால் ஓசை பெரிதாகத்தான் இருந்தது. கூடவே ஒற்றைச் சுருதி முழக்கமாகவும் இருந்தது. கீழே குடியிருந்த சீனப் பாட்டி மூன்றாம் நாள் மேலே வந்தார்.

செய்ய வேண்டியது இதுதான். சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில், சோபா மேலேயே வையுங்கள். தாழ்ந்த ஒலி தொடர்ந்து வரும் ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுருதியும் ஒரே அளவாக, வீக்கம் இல்லாமல் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். இப்படித் தவழ்ந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து அம்மா மோதிரம் தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.

சோபாவுக்குப் பக்கத்திலேயே நல்ல இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். பெட்டி அருகில் இருப்பதால் அளவைக் கணிசமாகக் குறைத்தாலும் உங்களுக்கு அது நிறைவாகக் கேட்கும். அடியில் தடித்த ரப்பர் அல்லது நுரைத் தட்டு போட்டால் பெட்டியின் நடுக்கம் நேரடியாகத் தரைக்கு இறங்குவது குறையும். ஆனால் காற்று வழியே பரவும் தாழ்ந்த ஒலியைத் தட்டு தடுக்காது. அதைக் கான்கிரீட் தளமே முழுதாகத் தடுப்பதில்லை. ஆகவே இரவு 10.30க்கு மேல், ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் இரவுநேர அமைப்பைப் போட்டுவிடுங்கள். வெடிச்சத்தம் அடங்கும், பேச்சு அப்படியே இருக்கும்.

தெம்பனிஸிலிருந்து ஒரு வாசகர்: புது வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது. அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை) வைக்க ஆசை. மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர் போதுமா, கூரையில் பதிக்க வேண்டுமா?

2012இல் திரையரங்குகளுக்கு வந்த டால்பி அட்மாஸ், 2014இல் வீட்டு ரிசீவர்களுக்கும் இறங்கியது. மேல்நோக்கி ஒலிக்கும் வகை, கூரையில் மோதித் திரும்பும் ஒலியை நம்பியிருக்கிறது. கூரை தட்டையாக, கடினமாக இருந்தால் வேலை செய்யும். நம் வீடுகளிலோ ஓரம் முழுக்க விளக்குக்காகப் பெட்டி வடிவில் பொய்க்கூரை, நடுவில் ஒரு மின்விசிறி. அந்த விசிறியின் இறக்கை குறுக்கே வெட்டினால் ஹெலிகாப்டர் காட்சிக்கு மட்டும்தான் பொருத்தமாக இருக்கும்.

சாவி இப்போதுதான் கையில் என்றால் பதித்துவிடுங்கள். இரண்டு போதும். பொய்க்கூரை 2.4 மீட்டர் உயரத்தில் அமைந்தால் உட்கார்ந்த காதுக்கு மேல் சுமார் 1.4 மீட்டர் இருக்கும். தலைக்கு நேர் மேலே வேண்டாம், 25 முதல் 65 சென்டிமீட்டர் முன்னால் வையுங்கள். சோபா எங்கே வரும் என்று தரையில் டேப் ஒட்டிக் காட்டாமல் துளைபோட விடாதீர்கள். இன்னொன்று: பிளாஸ்டர் பலகையை மூடுவதற்கு முன்பே வயரை இழுத்துவிடும்படி புதுப்பிப்புக் குத்தகையாளரிடம் எழுத்தில் கொடுங்கள். மூடிய பிறகு அதே வேலைக்குக் கேட்கப்படும் தொகையைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை.

பிடோக்கிலிருந்து ஓர் அக்கா: தமிழ்ப் படங்களில் பாட்டும் சண்டையும் காதைப் பிளக்கின்றன. பேச்சு மட்டும் புரிவதே இல்லை. பேச்சைத் தரும் சென்டர் ஸ்பீக்கர் பழுதா?

பழுதாக இருக்காது அக்கா. அது அலமாரித் தட்டின் ஆழத்தில் உட்கார்ந்திருக்கும், சரிதானா? தட்டின் விளிம்புவரை முன்னால் இழுத்து, முன்பக்கத்துக்கு அடியில் ரப்பர் ஆப்பு செருகி, முகம் உங்கள் காதைப் பார்க்கும்படி நிமிர்த்துங்கள். ரிசீவரில் சென்டரை 2 அல்லது 3 டெசிபெல் கூட்டுங்கள். பிறகு கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டிய ஓசை ‘டிரிங்’ என்று இழுபட்டால் குற்றவாளி டைல்ஸ் தரையும் வெறும் சுவரும்தான். சோபாவுக்கு முன் தடித்த கம்பளம், சன்னலுக்குக் கனத்த திரை, இந்த இரண்டுமே பெரிய மாற்றம் தரும். கண்ணாடி மேசை இருந்தால் படம் பார்க்கும்போது ஓரம் கட்டுங்கள்.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஒருவர்: ரிசீவரோடு வந்த மைக்கால் ஸ்பீக்கர் தூரங்களை அளந்தேன். சப்வூஃபர் 2 மீட்டரில் இருக்கிறது, ரிசீவர் 3.5 என்று காட்டுகிறது. மாற்றி எழுதவா?

மாற்றாதீர்கள். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று ஒலியைச் சற்றுத் தாமதமாக்குகிறது. ரிசீவர் அந்தத் தாமதத்தையும் தூரமாகக் கணக்கிட்டுக் காட்டுகிறது. அளக்கும்போது மைக்கைக் கையில் பிடிக்காமல் முக்காலியில், காது உயரத்தில் வையுங்கள். குளிர்சாதனத்தையும் விசிறியையும் நிறுத்துங்கள். ரயில் பாதைக்குப் பக்கத்து புளோக் என்றால் வண்டி கடந்து போகும்வரை பொறுங்கள். ரிசீவர் ஸ்பீக்கர்களைப் ‘பெரியவை’ என்று குறித்திருந்தால் ‘சிறியவை’ என்று மாற்றி, கிராஸ்ஓவரை (தாழ்ந்த சுருதியைச் சப்வூஃபருக்குப் பிரித்துவிடும் எல்லையை) 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். இதை மட்டும் மாற்றலாம்.

புக்கிட் பாஞ்சாங் வாசகர்: வீட்டுக் காப்பறை (போர்க்கால அடைக்கல அறை) சுவரில் சரவுண்டை மாட்டலாமா?

அந்தச் சுவரை இடிக்கக் கூடாது, துளையிடவும் கட்டுப்பாடுகள் உண்டு. எதற்கு வம்பு? நிறுத்தி வைக்கும் ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளுங்கள். காப்பறைக் கதவை மறிக்காமல் வையுங்கள்.

தோ பாயோவிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, படம் ஓடும்போது சாமி மாடத்து மணி தானாக ஒலிக்கிறது. பாட்டி பயப்படுகிறார்.

சப்வூஃபரின் ஏதோ ஒரு சுருதி மாடத்தின் பலகையை ஆட்டுகிறது. பெட்டியை அந்தச் சுவரைவிட்டு நகர்த்துங்கள். தவழ்ந்து கண்டுபிடிக்கும் முறையை மேலே சொல்லியிருக்கிறேன். ட்வீட்டரும் மாடத்தைவிட்டுத் தள்ளி இருக்கட்டும், விளக்கின் எண்ணெய்ப் புகை அதன் மேல் படியும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். நான் மூன்று மாலை பெட்டியை நகர்த்திக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் அம்மா மணியை எடுத்து இழுப்பறையில் வைத்துவிட்டார்.