குடலில் சுரக்கும் செரோடோனின் மூளைக்குப் போகுமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஒன்றரை வருடத்துக்கு முன் கடுமையான வயிற்றுப்போக்கு வந்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். அதிலிருந்து அலுவலகத்தில் முக்கியமான கூட்டம் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. காலையில் மூன்று, நான்கு முறை கழிப்பறைக்கு ஓடுகிறேன். பதற்றத்துக்காக மனநல மருத்துவர் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை கொடுத்தார். ஆரம்பித்துப் பத்து நாளாகிறது, வயிறு இன்னும் மோசமாகிவிட்டது. மனநிலையோடு தொடர்புடைய செரோடோனின் என்ற வேதிப்பொருளில் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, அதை பாக்டீரியாக்கள்தான் தயாரிக்கின்றன என்று படித்தேன். அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிட்டு, நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாடிக் மட்டும் எடுத்துக்கொள்ளலாமா டாக்டர்? ரத்தத்தில் செரோடோனின் அளவைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டுமா?

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் படித்த 90 சதவீதக் கணக்கு சரிதான். ஆனால் அதில் பெரும்பங்கைத் தயாரிப்பவை உங்கள் குடல் சுவரில் ஆங்காங்கே இருக்கும் என்டெரோகுரோமாஃபின் என்ற செல்கள். பாக்டீரியாக்கள் அவற்றைத் தூண்டிவிடுகின்றன. நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை நொதிக்க வைக்கும்போது உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் இந்தச் செல்களைக் கூடுதலாகச் சுரக்கச் செய்கின்றன. நுண்ணுயிரே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பெருங்குடலில் செரோடோனின் சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்ததை 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குறிப்பிட்ட சில பாக்டீரியாக்களைக் குடியேற்றியதும் அளவு மீண்டும் ஏறியது.

இப்படிச் சுரக்கும் செரோடோனினுக்குக் குடலிலேயே நிறைய வேலை இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் நரம்பு முனைகளைத் தட்டி, குடலைச் சுருங்கி விரிய வைக்கிறது, நீரைச் சுரக்க வைக்கிறது. அளவு மீறினால், குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குத் தகவல் போய்க் குமட்டும். வாந்திக்குத் தரும் ஒன்டான்செட்ரான் மாத்திரை தடுப்பது இந்தத் தகவலைத்தான். அதைச் சாப்பிட்டவர்கள் சிலர் மலச்சிக்கல் என்று வந்து நிற்பதும் இதனால்தான்.

ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைச் செரோடோனின் தாண்டாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. டிரிப்டோஃபான் என்ற மூலப்பொருள் மட்டும் ரத்தம் வழியாக உள்ளே போகிறது. நரம்புகளுக்கிடையே தகவல் கடத்தும் இன்னொரு வேதிப்பொருளான டோபமினும் அப்படித்தான். பார்க்கின்சன் நோயில் மூளையில் டோபமின் குறைகிறது என்று தெரிந்தும் யாரும் டோபமினை மாத்திரையாகத் தருவதில்லை. தடுப்பைத் தாண்டக்கூடிய லெவோடோபாவைத் தருகிறோம். என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற குடல் பாக்டீரியா, அந்த மருந்தைக் குடலிலேயே டோபமினாக மாற்றிவிடும் என்று 2019இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாக்டீரியா டோபமின் தயாரித்தும் நோயாளிக்கு நஷ்டம்தான், மூளைக்குப் போக வேண்டிய மருந்தல்லவா குறைகிறது! 'பாக்டீரியா மகிழ்ச்சி ஹார்மோன் சுரக்கிறது' என்று யாராவது எழுதினால், எங்கே சுரக்கிறது, அங்கிருந்து எங்கே போகிறது என்று கேளுங்கள்.

ரத்தப் பரிசோதனையும் இந்த விஷயத்தில் வீண் செலவு. ரத்தத்தில் உள்ள செரோடோனின் பெரும்பாலும் குடலில் சுரந்து தட்டணுக்கள் உறிஞ்சி வைத்துக்கொண்டது. சில அரிய கட்டிகளைத் தேடும்போது அந்த அளவு உதவும். உங்கள் மனநிலையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

சரி, மாத்திரை ஆரம்பித்ததும் வயிறு ஏன் மோசமானது? எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்து, வெளியான செரோடோனினைச் செல்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கிறது. மூளையில் தடுப்பதைப் போலவே குடல் சுவரிலும் தடுக்கும். அதனால் முதல் நாட்களில் குமட்டல், இளகிய மலம் எல்லாம் வரும். பலருக்கும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கலாம். தொற்றுக்குப் பிறகு வரும் ஐ.பி.எஸ். நோயில் (குடலில் புண் எதுவும் இல்லாமலே வயிற்றுவலியும் மலம் கழிப்பதில் மாற்றமும் தொடரும் நோய்), சிலருக்கு நான் மேலே சொன்ன செல்களின் எண்ணிக்கையே கூடியிருக்கும். குடல் தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த ஐ.பி.எஸ். வருகிறது, தொற்று வந்த நேரத்தில் மனஅழுத்தமும் இருந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

கூட்டம் என்றாலே வயிறு கலங்குவதற்கு வருவோம். பதற்றத்தில் மூளை வெளியிடும் ஹார்மோன்கள் பெருங்குடலை வேகமாக இயங்கச் செய்கின்றன என்பது பழைய செய்தி. எனக்குச் சுவாரசியமாகத் தெரிவது அதன் அடுத்த படி. குடல் சுவர் நரம்புகள் வெளியிடும் நார்அட்ரினலின் என்ற பதற்ற வேதிப்பொருளை பாக்டீரியாவும் உணர்கிறது. நம் உடல் இரும்புச்சத்தைச் சில புரதங்களில் இறுக்கிப் பூட்டி வைத்திருக்கிறது, கிருமிக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காகவே. நார்அட்ரினலின் அந்தப் பூட்டைத் தளர்த்த, ஈ.கோலை போன்றவை இரும்பை எடுத்துக்கொண்டு வேகமாகப் பெருகுகின்றன. மோசமான வயிற்றுப்போக்கைத் தரும் ஒரு வகை ஈ.கோலைக்கு, அட்ரினலினை அறிந்துகொள்ளும் உணர்வி இருக்கிறது. இந்தத் துறைக்கு 'நுண்ணுயிர் நாளமில்லாச் சுரப்பியியல்' என்று பொருள்படும் பெயரை 1990களின் தொடக்கத்தில் வைத்தவர் அமெரிக்க ஆய்வாளர் மார்க் லைட். இவையெல்லாம் பெரும்பாலும் சோதனைக் குழாயிலும் விலங்குகளிலும் பார்த்தவை. உங்கள் வயிற்றில் அப்படியே நடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன்.

புரோபயாடிக் விஷயத்திலும் அதே எச்சரிக்கைதான். லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜேபி-1 என்ற பாக்டீரியாவைக் கொடுத்த எலிகளுக்குப் பதற்றம் குறைந்தது. வேகஸ் நரம்பைத் துண்டித்ததும் அந்தப் பலன் இல்லாமல் போனது. 2011இல் வந்த இந்த முடிவு பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது. அதையே ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, 2017இல் வந்த முடிவு: போலி மாத்திரையைவிட எந்த வகையிலும் மேலாக இல்லை. 'உங்கள் மலத்தை அனுப்புங்கள், உங்கள் மனநிலைக்கேற்ற பாக்டீரியாவைச் சொல்கிறோம்' என்று விற்கும் பரிசோதனைகளுக்குப் பணம் கட்டாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மாத்திரையைத் தொடருங்கள், வயிறு படுத்துவதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைத்துத் தொடங்கி மெதுவாக ஏற்றலாம், அல்லது வேறு மருந்துக்கு மாற்றலாம். தைராய்டு பரிசோதனை செய்திராவிட்டால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் அந்த ஹார்மோன் கூடினாலும் படபடப்பும் வயிற்றுப்போக்கும் ஒன்றாக வரும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், ரத்தசோகை இவற்றில் ஏதாவது இருந்தால் ஐ.பி.எஸ். என்று விட்டுவிடாமல் உடனே குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள். காபியைக் குறைத்துப் பாருங்கள். நீரில் கரையும் நார்ச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பிக்கொள்ளும். பதற்றத்துக்கான பேச்சு சிகிச்சை ஐ.பி.எஸ்.ஸுக்கும் நன்றாக வேலை செய்கிறது, அதையும் மனநல மருத்துவரிடம் கேளுங்கள்.

புரோபயாடிக்கை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாம், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எதுவும் நீங்கள் எடுக்காதவரை. மூன்று மாதம் வரை ஒரே வகையை எடுத்துப் பாருங்கள், பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.