சிங்கத்துக்கு இரை கொடுப்பதும் கடவுளா?

வணக்கம் சகோதரி. பைபிளின் 104ஆம் சங்கீதத்தை (துதிப்பாடலை) வைத்து வாலிபர் கூட்டத்தில் கடவுளின் அன்பைப் பற்றிப் பேசியபோது, ‘சிங்கம் மானைக் கிழிப்பதும் அன்பா?’ என்று ஒரு பையன் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல கேள்வி; அதை மழுப்ப வேண்டாம்.

அந்தச் சங்கீதமே அதை மறைக்கவில்லை. 21ஆம் வசனத்தில் சிங்கக்குட்டிகள் இரைக்காகக் கெர்ச்சித்துக் கடவுளிடமே உணவு தேடுகின்றன. சூரியன் உதித்ததும் அவை குகைக்குத் திரும்ப, மனிதன் வேலைக்குப் புறப்படுகிறான். ஒரே நிலத்தை இருவரும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். கடைசி வசனத்தில் கவிஞர் உலகிலிருந்து ஒழிய வேண்டும் என்று கேட்பது யாரை? பாவிகளை, சிங்கங்களை அல்ல. பெரும்பாலான பிரசங்கங்கள் இந்த வசனத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன.

துன்பத்தில் தவிக்கும் யோபு என்பவரைப் பற்றிய பைபிளின் யோபு புத்தகம் இன்னும் கடுமையானது. மனிதனே இல்லாத வனாந்தரத்தில் மழை பெய்கிறது (38:26). கழுகுக் குஞ்சுகள் இரத்தத்தை உறிஞ்சுகின்றன (39:30). யோபு கேட்டது தன் துன்பத்துக்கான காரணத்தை. கடவுள் காட்டியதோ காக்கைக் குஞ்சையும் வரையாட்டையும் காட்டுக்கழுதையையும். உலகம் மனித வசதிக்காக மட்டும் அமைக்கப்படவில்லை என்பதே அதன் பொருள் என்று நான் வாசிக்கிறேன். ஆறுதலான பதில் அல்ல, ஆனால் நேர்மையான பதில்.

சிங்கம் வைக்கோல் தின்னும் என்ற ஏசாயா 11:7ஐ யாராவது எடுத்துக்காட்டுவார்கள். அது வரப்போகும் காலத்தின் காட்சி. பையன் கேட்டது இன்றைய காட்டைப் பற்றி.

அடுத்த கூட்டத்தில் யோபு 38:39 முதல் 39ஆம் அதிகாரம் முடிய அவனையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அதே புத்தகத்தில் பின்னால் வரும் பயங்கரக் கடல் மிருகமான லிவியாதானை இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளலாம்.